மேடை ஏறாத அம்மா

"சேர், அந்த நாடகத்த நிப்பாட்டணும்."

பிரேமினிக்குப் பின்னால் ஏழெட்டு மாணவிகள் நின்றார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கல்லூரியில் மறுநாள் கலைவிழா.

விரிவுரையாளர் செல்லசாமி, நாடகத்தை எழுதிய வினோஜனையும் கூப்பிட்டார்.

"என்னம்மா பிரச்சினை?"

"குவைத்துக்கு வேலைக்குப் போன ஒரு அம்மாவப் பத்தி வினோஜன் அண்ணா எழுதியிருக்காரு சேர். எங்க வகுப்புப் பூரணியோட அம்மாவும் அங்கதான் போனாங்க. நாலஞ்சு வருஷமா ஒரு தகவலும் இல்ல. இத மேடையில போட்டா அவ எப்படித் தாங்குவா?"

"நான் பூரணியப் பத்தி எழுதல சேர்," என்றான் வினோஜன். "அக்கரப்பத்தனையில எங்க தேயிலத் தோட்டத்து லய வீடுகள்லயே ரெண்டு பேரு போயிருக்காங்க. நம்ம கதைய நாம பேசாம வேற யாரு பேசுவாங்க?"

"பேசுங்க. அதுக்காக ஒருத்திய அழ வைக்கணுமா?" என்றாள் பிரேமினி.

"அவகிட்ட கேட்டீங்களா?"

"இதப் போயி அவகிட்ட எப்படிக் கேக்குறது? மனசுல கொஞ்சமாவது ஈரம் வேணும் அண்ணா."

செல்லசாமி நெற்றியைத் தேய்த்தார்.

"கருத்துச் சுதந்திரமெல்லாம் சரிதான் தம்பி. நாளைக்கு அந்தப் புள்ள அழுதா நான்தான பதில் சொல்லணும்? இந்த வருஷம் வேணாம்."

அன்று மாலை வினோஜன் மண்டபத்தில் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தான். வாசலில் பூரணி வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்தான்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. ஒன்னய நோகடிக்கணும்னு எழுதல."

"எனக்கு நோகும்னு யாருண்ணா சொன்னது? எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லயே."

அவள் முன்வரிசை மர வாங்கில் உட்கார்ந்தாள்.

"வீட்ல அம்மா பேர யாரும் எடுக்கிறதில்ல. நான் அழுதுருவேனாம். இங்கயும் அப்படித்தான், நான் வந்தா பேச்ச மாத்திருவாங்க. நாடகத்துலயாவது யாராச்சும் சத்தமா அம்மான்னு கூப்பிடுவாங்க, கேக்கலாம்னு இருந்தேன்."

வினோஜன் கழற்றிய திரைச்சீலையை மடிக்கத் தொடங்கினான்.

"அண்ணா, கடைசில அந்த அம்மா வந்துருவாங்களா?"

மடித்த திரைச்சீலையை அவன் மறுபடி பிரித்தான்.

"வர்றாங்க."

"எப்படி வர்றாங்க?"

"மழ பேஞ்சுக்கிட்டு இருக்கு. பஸ் வந்து நிக்குது. பெரிய பேக்க இழுத்துக்கிட்டு அம்மா எறங்குறாங்க. மக எதிர்ல நிக்கிறா. ஆனா அம்மாவுக்கு அடையாளம் தெரியல. அவ்வளவு வளந்துட்டா."

"அப்பறம்?"

திரைச்சீலையைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்தான். அம்மா மகளைக் கண்டுகொண்டதை, இருவரும் நனைந்தபடி லயத்துக்கு ஏறியதை, அடுப்பு மூட்டியதை எல்லாம் நிதானமாகச் சொன்னான். பூரணி கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் எழுதிய நாடகத்தில் அந்த அம்மா திரும்பி வருவதே இல்லை.