வெளியே நின்ற வகுப்பு

மளிகைக் கடை மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த வளைக்குள் பெருச்சாளி வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

“எலிப்பொறி எப்படி இருக்கும்?”

“கூண்டு மாதிரி” என்று எலிக்குஞ்சுகள் ஒரே குரலில் கத்தின.

“உள்ளே என்ன இருக்கும்?”

“வடை.”

சுண்டு என்ற குஞ்சு மட்டும், “மனுசன் நமக்கு எதுக்கு சார் வடை வைக்கிறான்?” என்றது.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இல்லேன்னா வெளியே நில்லு.”

சுண்டு வெளியே போய் நின்றது. அங்கே புதிதாக ஓர் அட்டை கிடந்தது. அதன் நடுவில் கருவாட்டுத் துண்டு.

“சார், இதுவும் பொறியா இருக்குமோ?”

வாத்தியார் வந்து பார்த்தார். “கூண்டு எங்கே? வடை எங்கே?” என்று சிரித்தபடி அட்டையில் ஏறினார். நாலு காலும் அதில் தடவியிருந்த பசையில் ஒட்டிக்கொண்டன.

கடைக்காரரின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

“இதிலிருந்து எப்படி வெளியே வர்றது?” என்று வாத்தியார் காலை இழுத்தபடியே கேட்டார்.

“இப்பதான் சார் உங்களுக்கே பதில் தெரியாத கேள்வியைக் கேட்டிருக்கீங்க” என்றது சுண்டு. பிறகு மற்ற குஞ்சுகளிடம், “எது பட்டால் பசை விடும்? யோசிங்க” என்றது.

ஒரு குஞ்சு எண்ணெய் டின்னைக் காட்டியது. எல்லாமாகச் சேர்ந்து அதை அட்டைப் பக்கம் சாய்த்தன; எண்ணெய் பசை மேல் பரவியது. வாத்தியார் வழுக்கியபடி வளைக்குள் வந்து விழுந்தார்.

மறுநாளும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, “எலிப்பொறி எப்படி இருக்கும்?” என்று ஆரம்பித்தார்.

பதில் வரவில்லை. கண்ணைத் திறந்தால் உள்ளே ஒருவரும் இல்லை. வகுப்பு முழுவதும் வெளியே சுண்டுவின் பக்கத்தில் நின்றது.

“மனுசன் அடுத்து எதை வைப்பான் சார்?” என்று அங்கிருந்தே கேட்டன.