திருப்பத்தில் ஒரு சத்தம்

“சத்தத்தைக் குறைக்கத்தான்க்கா எல்லாரும் வருவாங்க. நீங்க கூட்டச் சொல்றீங்க.”

டிரைவர் சீட்டில், மடியில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்த மெக்கானிக் சொன்னான். வீட்டுக் கார் ஷெட்தான் அவனுக்குப் பட்டறை. ஸ்டியரிங்குக்குக் கீழேயிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்கு வந்தது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள்.

“முடியுமா, முடியாதா தம்பி?”

ஷெட் வாசலில் நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“முடியும். ஆக்சிலேட்டரை விட்டதும் கொஞ்சம் பெட்ரோலைக் கூட ஊத்தி, தீப்பொறியைத் தாமதப்படுத்தினா, எரியாத மிச்சம் சைலன்சர்ல போய்ப் பட்பட்னு வெடிக்கும். காலேஜ் பசங்க கேப்பாங்க. உங்களை மாதிரி யாரும் கேட்டதில்ல.”

“கிளம்பும்போது வேண்டாம். வேகத்தைக் குறைச்சுத் திரும்புறப்ப வெடிச்சாப் போதும்.”

விவரமானவள்தான் என்று நினைத்தபடி எண்களை மாற்றினான். தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தான். ஷெட்டில் அவளைக் காணோம்.

அவன் வீட்டு அடுக்களையில் இருந்தாள். கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, கூடத்து டிவியையும் அலறவிட்டு நின்றிருந்தாள். ‘யாரிது?’ என்று கண்ணாலேயே கேட்டாள் அவன் மனைவி.

“கேக்கல தம்பி.”

“இவ்வளவு அமர்க்களத்துல எப்படிக்கா கேக்கும்?”

“கேக்கணும்.”

இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஏற்றினான். மறுபடி ஒரு சுற்று. இந்த முறை அவள் கையில் செல்போன் இருந்தது.

“கேட்டுச்சு. ஆனா இருபது செகண்ட்ல வண்டி வாசலுக்கு வந்துடுச்சு. எங்க தெருவும் இதே நீளம்தான். தெருமுனைக்கு முந்தின திருப்பத்துலயே வெடிக்கணும்.”

“அங்க ரோடு குறுகல்க்கா. யாரும் வேகமா வர மாட்டாங்க.”

“மெதுவா வந்தாலும் வெடிக்கிற மாதிரி பண்ணுங்க.”

பண்ணினான். அவன் தொழிலில் சத்தமில்லாத எஞ்சின்தான் கௌரவம். ஊரில் நாலு பேர் அவன் டியூன் செய்த வண்டியைப் பூனை நடை என்பார்கள். இப்போது அதே கையால் பூனைக்குப் பட்டாசு கட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது சுற்றில் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டி, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகல சார், வண்டிதான்.”

அடுக்களைக் கதவு திறந்தது. “அம்பத்தஞ்சு செகண்ட்,” என்றாள். வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள். “இது போதும் தம்பி. ரொம்ப நன்றி.”

அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

“மைலேஜ் அடிவாங்கும். சைலன்சர் ரெண்டு வருஷம் தாங்காது. போற தெருவெல்லாம் ஏச்சு வாங்குவீங்க. நீங்க வர்றது ஊருக்கே தெரியணும்னு அப்படி என்னக்கா வீம்பு?”

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

“நான் எங்க தம்பி வர்றேன்? வண்டி எங்க வீட்டுக்காரரோடது. பிறந்தநாளுக்கு ரேஸ் கார் மாதிரி பண்ணித் தர்றேன்னு சொன்னதும் அவருக்கு ஒரே பெருமை.”

கார் கதவைத் திறந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“பழைய வண்டி தூரத்துலயே கேக்கும். இது புதுசு, போன வாரம் வாசல்ல வந்து நின்னதே தெரியல, சின்னவன் கையில இன்னும் கட்டுப் பிரிக்கல. பசங்க ரெண்டும் மாடிக்கு ஓடி உள்பக்கமா தாழ்ப்பாள் போட அம்பது செகண்ட் ஆகுது தம்பி.”