பின்னல் நுனி

ஜெனோவா கத்தரிக்கோலை எடுத்ததுமே அம்மா பின்னலை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நுனியெல்லாம் வெடிச்சுக் கெடக்கும்மா. நாலு வெரல் வெட்டிருதேன். நாளைக்குக் கல்யாணத்துல, பொண்ணு பியூட்டி பார்லர் வச்சிருக்கா, அம்மா தலையைப் பாருன்னு சிரிப்பாவ.”

உயிரியல் டீச்சரான அம்மா ரோஸ்லின் நுனியை விரலில் சுற்றினாள். முடி வளர்வது நுனியில் இல்லை, தோலுக்கடியில் வேரில்தான் என்று எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறாள். தின்ற சோற்றிலும் மீனிலுமிருந்து வேர் புரதத்தைக் கட்டி இழையாக்கும். புது இழை வந்து பழையதைக் கீழே தள்ளும். தலையை ஒட்டியிருப்பது போன மாதத்துச் சாப்பாடு. இடுப்பைத் தொடும் இந்த நாலு விரல், கணவர் லூர்துராஜ் உயிரோடிருந்த கடைசிக் கோடை. துறைமுகத்திலிருந்து வரும்போதே சாளை வாங்கி வந்து, மாங்காய் போட்டு அவரே குழம்பு வைப்பார். பெரிய மீனை அவள் தட்டில் வைத்து, “டீச்சரம்மா, முள்ளு பாத்துத் தின்னுங்க” என்பார்.

“ஏளா, இது உங்க அப்பா வச்ச சாளைக் குழம்பு” என்றாள்.

ஜெனோவாவும் அவளிடம் படித்தவள்தான்.

“வெட்டலைன்னாலும் தானா ஒடிஞ்சு போயிரும்மா.”

“போகட்டும். நாம வெட்ட வேண்டாம்.”

ஜெனோவா கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தாள். இடது கை மட்டும் அவளை அறியாமல் பிடரிக்குப் போய், போன வருஷம் ஒட்ட வெட்டிய தன் முடியைத் தடவிப் பார்த்தது.