முனிக்குப் படைத்த போத்தல்கள்

"போத்தலத் தொறக்க மட்டும் சொல்லிறாதீங்க லோயர் ஐயா" என்றார் அழகன் பூசாரி.

சட்டத்தரணி யோகேஸ்வரன் தலையில் கைவைத்தார்.

"பூசாரி, சாராயத்துக்குத் தடையுள்ள பௌர்ணமி போயா நாள்ல அனுமதியில்லாம கோயில் அறை நெறய சாராயம் வச்சிருந்தீங்கன்னு வழக்கு. பொலிஸ் அத பரிசோதனைக்கே அனுப்பல. ஸ்டேஷன் சார்ஜன் மூக்கால மணந்து பாத்தாராம், சாராயமாம். அத வச்சே உங்கள வெளிய எடுத்துருவேன். இல்லன்னா தண்டம், கட்டாட்டி ஜெயில்."

"ஜெயிலுக்குப் போனா திரும்பி வந்துறலாங்கய்யா. இது முனிக்குப் படைச்சது. பூச முடிஞ்சதும் ஆத்துல ஊத்தணும். மனுஷ மூக்கு படக்கூடாது."

"சார்ஜன் மூக்கு பட்டிருச்சே."

பூசாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீதிமன்ற வாசலில் தேயிலைத் தோட்டத்துச் சனமே நின்றது. எல்லோரும் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பிள்ளையின் காலுக்குச் சப்பாத்து வாங்காவிட்டாலும், தேயிலைத் தொழிற்சாலையைக் காக்கும் ரோதை முனிக்கு வருடத்துக்கு ஒரு போத்தல் வாங்கிக் கொடுக்கத் தவறாதவர்கள்.

"நம்ம சாமிக்காக கூண்டுல ஏறுறாரு" என்று ராக்காயி மூக்கைச் சிந்தினாள். "அந்த அறைச் சாவியக்கூட இன்னொருத்தர் கையில குடுக்காத மனுஷன்!"

"மெதுவாப் பேசு. அழுததுக்கும் வழக்குப் போட்டுறப் போறான்" என்றார் தோட்டத் தலைவர் செல்லசாமி.

வழக்கு கூப்பிடப்பட்டது. சார்ஜன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாட்சி சொன்னார். அவருடைய சிங்களத்தை மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கினார்.

"எனக்கு நீண்டகால அனுபவம். ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மணந்து பார்த்த பிறகே சீல் வைத்தேன். சந்தேகமே இல்லை, சாராயம்தான்."

யோகேஸ்வரனால் பொறுக்க முடியவில்லை. சார்ஜன் பொய் சொல்கிறார் என்று தோன்ற, பூசாரி கேட்டுக்கொண்டதையும் மறந்து எழுந்துவிட்டார். "கனம் நீதவான் அவர்களே, அப்படியானால் ஒரு போத்தலை இங்கேயே திறந்து பார்க்கலாமே."

சார்ஜன் வாசல் பக்கம் பார்த்தார். நீதவான் தலையசைத்தார். நீதிமன்ற ஊழியர் ஒரு போத்தலை எடுத்து மூடியில் கைவைத்தார்.

"குத்தத்த ஒத்துக்கிறேன் சாமி!" கூண்டிலிருந்து பூசாரி அலறினார். "சாராயந்தான்! அம்புட்டும் சாராயந்தான்! தொறக்காதீங்க!"

பின்வரிசையில் ராக்காயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தண்டம் விதிக்கப்பட்டது. போத்தல்களைக் கொட்டி அழிக்கவும் உத்தரவானது. செல்லசாமி வாசலில் துண்டை விரித்தார். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசுகூட அதில் விழுந்தது. தண்டத்தைக் கட்டி மீட்ட பூசாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு, வந்த வழியே எல்லோரும் நடந்து திரும்பினார்கள்.

கொட்டும் வேலை சார்ஜனுக்கு வந்தது. நீதிமன்றத்தின் பின்புறம் யாருமில்லை. அவ்வளவு நல்ல சாராயத்தைச் சாக்கடைக் காணில் ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் போத்தல்களில் ஒன்றைத் திறந்து, அப்படியே வாயில் கவிழ்த்தார்.

துப்பினார். அடுத்ததைத் திறந்தார். அதையும் துப்பினார்.

அத்தனையிலும், சீனிகூடப் போடாத, ஆறிப்போன தேயிலைச் சாயத்தண்ணி.