அமுக்கினா அமுக்கினதுதான்

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த அம்மாள், கேமராத் திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையாக, "இது நல்லால்ல, அழிச்சிடுங்க" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"பிலிமா இருந்தா இந்த நொட்டையெல்லாம் சொல்ல முடியாதும்மா. அமுக்கினா அமுக்கினதுதான். அதுல பொய் கிடையாது. எல்லா நெகடிவும் இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்."

இதைத் தினமும் நாலு பேரிடமாவது சொல்வேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இவள் போட்டுக்கொண்டாள்.

"அப்ப எங்க தங்கச்சி கல்யாணம் இருக்குமாண்ணே? நீங்கதான எடுத்தீங்க?"

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மணமக்கள் பக்கத்தில் இவள், இவள் புருஷன், இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன். ஆல்பத்தில் அந்தப் படம் வரவில்லை. அடுத்த மாதமே காய்ச்சலில் பையன் போய்விட்டானாம். வேறு படமே அவனுக்குக் கிடையாதாம்.

அந்தக் கல்யாணத்து நெகடிவ் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

துண்டு துண்டாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கிறாள். தலைமுடி வெள்ளை, முகமெல்லாம் கறுப்பு. அப்படியும் ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்கிறாள். தங்கச்சி. மாப்பிள்ளை. அப்பாவின் ஆபீஸ் மேனேஜர், நாலு படத்தில்.

"இந்தா, எங்கப்பா! சொல்லாம கட்டிக்கிட்டேன்னு மூணு வருஷம் பேசாத மனுஷன், அன்னிக்கு அவரே எங்களை மேடையில ஏத்தினாருண்ணே. பளிச்சுனு லைட் அடிச்சதும் எம்புள்ள உங்களைப் பார்த்துச் சிரிச்சான்."

சிரித்தான். எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்குப் பிலிம் விற்ற விலை அப்படி. வேண்டியவர்கள் மேடை ஏறினால் கேமராவை அமுக்குவோம். மற்றவர்களுக்கு ஃப்ளாஷுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் வரும்; பிலிம் நகராது, படம் விழாது. யாருக்கு எது என்று பெண்ணின் அப்பா கீழே நின்று கண்ஜாடை காட்டுவார்.

இவளை மேடையில் ஏற்றிவிட்டு, அவர் என்னைப் பார்த்தார்.

கடைசித் துண்டையும் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"வேற டப்பா இருக்காண்ணே?"

"இருக்கும்மா" என்று பரண் பக்கம் ஏணியை நகர்த்தினேன்.