முப்பத்தொன்றாம் வீடு

"இருபத்தாறாம் வீடு, அன்னபுஷ்பம். மாமனார் படுத்த படுக்கை. கட்டிலோட தூக்கணும், நாலு பேர் போங்க."

மாதா கோயில் ஒலிபெருக்கி எழிலரசியின் குரலைக் கரையடித் தெருவின்மேல் கொட்டியது. மழையும் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

1991 கார்த்திகை. ஒரகடத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஏரிக்கு அவள் உதவிப் பொறியாளராக வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கரையின் அடியில் தண்ணீர் கசிவது புதிதல்ல. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. நேற்று அது லேசாகக் கலங்கியிருந்தது. இன்று மதியம் டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் கரையை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

நேற்றே தன் மேலதிகாரியான செயற்பொறியாளரைக் கூட்டிவந்து காட்டியிருந்தாள். குனிந்து பார்த்தார். பிறகு கரைமேல் ஏறி, குடையைப் பிடித்தபடி, கரை கல் மாதிரி இருக்கிறது, எல்லோரும் நிம்மதியாக இருங்கள் என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் கையிலிருந்த பட்டியல் ஆடியில் அவளே வீடு வீடாகப் போய் எழுதியது. கரை உடைந்தால் யாரால் நடக்க முடியாது, யாரை யார் தூக்குவது, எந்த மேட்டுக்குப் போவது. அதைப் பார்த்தபோது அவர் சிரித்திருந்தார்.

"இன்னாம்மா, கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போறியா?"

இப்போதும் தெரு அவரைத்தான் நம்பியது. இருபத்தாறு பெயர் படித்தாகிவிட்டது. கிளம்பியது நாலே குடும்பம்.

ஜீப் ஒன்று சேற்றில் வழுக்கி நின்றது. டிரைவர் பலராமன் சொட்டச் சொட்ட உள்ளே வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். படப்பையில் தங்கியிருந்த செயற்பொறியாளருக்கு அதற்குள் யாரோ போன் செய்துவிட்டார்கள்.

அறிவிப்பை உடனே நிறுத்தவும். மீறினால் சஸ்பெண்ட்.

எழிலரசி பேனாவை எடுத்தாள். கடிதத்தின் கீழே, 'கிடைத்தது, மணி 3.20. நிறுத்தப் போவதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பலராமன் வாங்கிக்கொண்டார். ஆனால் போகவில்லை.

இருபத்தேழு. இருபத்தெட்டு. ஒரு கதவும் அசையவில்லை. இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ளவர் சொன்னது சரியாக இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குள்ளேயே ஒரு மூலை முனகிக்கொண்டுதான் இருந்தது. இருபத்தொன்பது. முப்பது.

"முப்பத்தொன்றாம் வீடு, கனகம். தனியா இருக்கிறவங்க. யாராவது ஒருத்தர்..."

பலராமன் சட்டென்று மைக்கைக் கையால் மூடினார்.

"அந்த வூடு வாணாம் மேடம். அங்க ஆளு இல்ல. விடியக்கால நான்தான் ஜீப்புல ஏத்திக்கினு போயி சிங்கப்பெருமாள் கோவில்ல எறக்கினேன். தையல் மெஷினு, ஆடு, எல்லாத்தையும். இந்த லெட்டர் குடுத்த அய்யாவோட தங்கச்சி அது. மவளுக்குப் பிரசவம்னு தெருவுல சொல்லச் சொன்னாரு."

முனகிக்கொண்டிருந்த மூலை அடங்கியது.

அவள் எழுந்து மைக்கை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதை இங்க சொல்லுங்கண்ணே."

சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். இரண்டு பேருக்கும் அது தெரியும். அவள் வற்புறுத்தவில்லை. மைக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பலராமன் வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்தார். பிறகு மைக்கை மூடியிருந்த கையை எடுத்தார்.

"நான் ஜீப் டிரைவர் பலராமன் பேசறேன்."

அவர் பேசி முடிக்கும்போது கரையடித் தெருவில் திறக்காத கதவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அது வெளியே பூட்டியிருந்தது.