மறுநாள் பாஸ்தா

"ஏன், மகாராணி எழுந்திருக்க மாட்டாங்களோ?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காக்காரிக்கு மனசுக்குள் அப்படித்தான் ஓடியது. அடுப்படியில் தம்பி வேர்த்து விறுவிறுத்து இறாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஹாலில் அவன் பெண்டாட்டி ஃபேனுக்கு நேர் கீழே சோபாவில் சாய்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணி" என்றாள். அசையவில்லை.

வேலை செய்கிற ஆம்பளை அங்கே, வரவேற்கிற பொம்பளை இங்கே! நல்லா இருக்குடியம்மா குடித்தனம்! அக்காக்காரிக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். வந்த காரியம் அப்படி.

காலையில் தம்பி போனில் அழாத குறை.

"அக்கா, இவ பெட்டி கட்டிட்டாக்கா. சாயங்கால பஸ்ஸுக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பறாளாம். திரும்பி வர மாட்டாளாம். நீ சொன்னா கேப்பா. வந்து நாலு வார்த்தை புத்தி சொல்லு."

முதலில் அடுப்படிக்குப் போனாள்.

"என்னடா இது கோலம்?"

"பாஸ்தாக்கா. இறால், கணவாய், சிப்பி மூணும் போட்டு. காலையில ஆறு மணிக்கே மார்க்கெட் போயிட்டேன்."

"அம்மாடி! வெந்நீர் வைக்கத் தெரியாம இருந்தவன்டா நீ!"

"இதுல கணக்கு இருக்குக்கா. கணவாயை ரெண்டு நிமிஷத்துக்கு மேல வச்சா செருப்பு வார் மாதிரி ஆயிடும். சிப்பி வெந்ததும் தானா வாயைத் திறக்கும். திறக்காததைத் தூக்கிப் போட்டுடணும்."

"யாருடா இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?"

"வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன். அவளுக்காகத்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டு பூண்டை நசுக்கினான்.

அக்காக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வீட்டுக்காரர் தாகம் எடுத்தால்கூட இருந்த இடத்தில் இருந்தே குரல் கொடுக்கிற ரகம். இங்கே என்னடாவென்றால், ஒருத்தன் இறாலின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருக்கிறான். அதுவும் யாருக்கு? பெட்டி கட்டி வைத்திருக்கிறவளுக்கு!

ஹாலுக்கு வந்தாள்.

"உள்ளே வா. உன்கிட்ட பேசணும்."

தம்பி பெண்டாட்டி சோபாவின் கையைப் பிடித்து எழுந்தாள். நாலெட்டு வைத்து அறைக்கு வர ஒரு யுகம் ஆக்கினாள். திமிர் நடையிலேயே தெரிகிறது பார் என்று நினைத்துக்கொண்டாள் அக்காக்காரி.

"உனக்கு என்னடி குறை இங்கே? குடிக்கிறானா?"

"இல்ல அண்ணி."

"வெளியில எவகூடயாவது சகவாசம் உண்டா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடி பெட்டி? லீவு நாளும் அதுவுமா உனக்காக அடுப்புல வெந்துக்கிட்டு இருக்கான். இப்படி ஒரு புருஷனை விளக்கு வச்சுத் தேடினாலும் கிடைக்க மாட்டான். உனக்குக் கொழுப்பு, வேற ஒண்ணும் இல்ல!"

 தம்பி பெண்டாட்டி கேட்டாள்.

"அண்ணி, அவர் என்னைக்குச் சமைப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்னைக்கு?"

"அடிச்சதுக்கு மறுநாள்."

சட்டையை லேசாகத் தூக்கி இடுப்பைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது.

"நேத்து கையால இல்ல, காலால. அதான் நீங்க வந்தப்ப எழுந்திருக்க முடியலை. இந்த மாசத்துல இது மூணாவது பாஸ்தா, அண்ணி."

 அக்காக்காரி எட்டிக் கதவைச் சாத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தாள்.

"தப்புதான். நான் அவனைக் கண்டிக்கிறேன். ஆனா பாரு, மனசு கேக்காமத்தானே சமைக்கிறான்? அடிச்சுட்டுத் திரும்பிப் பார்க்காதவன் எத்தனை பேர் இருக்கான்! அந்த பஸ்ஸை விட்டுடு. என் பேச்சைக் கேளு."

"இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி?"

"நானெல்லாம் இருக்கேன்ல? எங்க வீட்டுக்காரர் மட்டும் என்னவாம்? ஒவ்வொரு தடவையும் மறுநாள் கையில ஒரு சென்ட் பாட்டிலோட வந்து நிப்பாரு. அத்தனையும் ஃபாரின் சரக்கு! வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருபத்தாறு வருஷத்தை ஓட்டலையா நான்?"

தம்பி பெண்டாட்டி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இவ்வளவு நாளில் அப்படிப் பார்த்ததே இல்லை.

"எத்தனை பாட்டில் இருக்கும் அண்ணி?"

"யாரு எண்ணினா? ஒரு அலமாரி நிறைய இருக்கு."

"நீங்க ஒரு நாள்கூடப் போட்டுக்கிட்டு நான் பார்த்ததில்லையே?"

"அக்கா! தட்டு வச்சாச்சு, ரெண்டு பேரும் வாங்க! ஆறிடப் போகுது!" என்று தம்பி வெளியிலிருந்து கூப்பிட்டான்.

அக்காக்காரி எழுந்திருக்கவில்லை. பிடித்திருந்த கையையும் விடவில்லை.

"அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே முந்தின நாள் வாங்கின அடிதானேடி ஞாபகத்துக்கு வரும், அதை எப்படி எடுத்துப் பூசிக்கிறது?"